பெயருள் உறையும் விலங்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், செஞ்சியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தோற்றுவாய்

குழந்தை பிறந்த வீட்டில், தாயும் சேயும் நலம் என்று அறிந்த பின்னர் எழும் முதல் வினா, 'என்ன பெயர்?' என்பதாகும். சில தலைமுறைகளுக்கு முன்பு அவ்வினா, 'யார் பெயர்?' என்று இருந்தது. இரண்டு வினாக்களும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. முன்னது புதியதொன்றைத் தேடச் சொல்கிறது. பின்னது, இருக்கும் ஒன்றைத் தொடரச் சொல்கிறது. இந்த வேறுபாட்டை விலங்கு, பறவைகளின் பெயர் தாங்கிய மாந்தரைக் கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

விலங்கின் பெயரை மனிதனுக்கு இடுவது உலகெங்கும் உள்ள வழக்கு. எபிரேய மொழியில் யோனா என்பது புறா. ராகேல் என்பது பெண் செம்மறியாடு. தெபோராள் என்பது தேனீ. கிரேக்கத்தில் பிலிப்பு என்பவன் குதிரைகளை நேசிப்பவன். அரபு மொழியில் ஹைதர் என்பது சிங்கம். எனினும் இவ்வழக்கு இன்றளவும் அன்றாடப் பெயர்களில் பொருள் விளங்க வாழும் நாடுகள் சிலவே. அவற்றுள் ஒன்று, வட அட்லாண்டிக் கடலில் பனிக்கும் எரிமலைக்கும் இடையே கிடக்கும் ஐசுலாந்து. தமிழகத்தோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத அத்தீவை ஒரு கண்ணாடியாகக் கொண்டு பார்த்தால், செஞ்சிக் கோட்டையடியில் கிடக்கும் சில பெயர்களின் முகம் தெளிவாகத் தெரிகிறது.

வடகடல் தீவின் கரடி

ஐசுலாந்தில் ஆண்மக்களுக்குப் பரவலாக இடப்பெறும் பெயர்களுள் ஒன்று 'பியோர்ன்'. அதன் பொருள் கரடி. பெண்ணாயின் 'பிர்னா'. 'உல்ஃபுர்' என்பது ஓநாய். 'ஓர்ன்' என்பது கழுகு. 'ஹ்ராப்ன்' என்பது அண்டங்காக்கை இனத்துப் பெரும் பறவை. இவை பட்டங்களல்ல, பள்ளிப் பதிவேட்டில் எழுதப்பெறும் இயற்பெயர்கள்.

பியோர்ன் என்னும் சொல்லின் பிறப்பு சுவை மிக்கது. வடமொழியில் கரடிக்கு 'ருக்ஷம்' என்று பெயர், கிரேக்கத்தில் 'ஆர்க்டோஸ்'. இரண்டும் ஒரே வேரின. ஆனால் செருமானிய மொழிக் குடும்பத்தில் அவ்வேர்ச்சொல் வழக்கிழந்து, 'பழுப்பு நிறத்தது' என்னும் பொருளுடைய சொல் கரடிக்குப் பெயராயிற்று என்பர் மொழியியலார் பலர். காட்டில் அதன் உண்மைப் பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்ற அச்சத்தால் பெயரை மறைத்து நிறத்தால் சுட்டினர் என்பது அவர்தம் விளக்கம்.

தமிழர்க்கு இது புதிதன்று. படமெடுக்கும் நச்சுப் பாம்பை 'நல்ல பாம்பு' என்று சொல்லும் மொழி இது. இரவில் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்லாமல் 'பூச்சி' என்று சொல்லும் மூதாட்டியர் இப்பகுதிச் சிற்றூர்களில் உண்டு. இலக்கண நூலார் இதனை 'மங்கலம்' என்று பெயரிட்டுத் தகுதி வழக்கின்கண் அடக்கினர். காராட்டை வெள்ளாடு என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். அஞ்சப்படும் ஒன்றைப் பெயரால் அணைத்து நட்பாக்கிக்கொள்வது மனித இயல்பு. நாகனும் நாகம்மாளும் நாகப்பனும் இவ்வியல்பிலிருந்து பிறந்தவர்களே. சங்கப் புலவர்களுள் மதுரை மருதன் இளநாகனார், வெள்ளைக்குடி நாகனார், முப்பேர் நாகனார் எனப் பலர் இப்பெயர் தாங்கினர்.

ஐசுலாந்தின் கரடியைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. அத்தீவில் கரடி வாழ்வதில்லை. கிரீன்லாந்திலிருந்து மிதந்துவரும் பனிப்பாளத்தில் எப்போதேனும் ஒரு வெண்கரடி கரையேறுவது தவிர, அம்மண்ணுக்குக் கரடி உரியதன்று. ஓநாயும் அங்கில்லை. மனிதர் குடியேறியபோது அத்தீவில் இருந்த ஒரே நிலவாழ் பாலூட்டி பனிநரி மட்டுமே. குடியேறியோர் தம் பழைய நாட்டின் காடுகளை அங்கே கொண்டுவர இயலவில்லை. அக்காட்டு விலங்குகளைப் பெயர்களில் ஏற்றிக் கொண்டுவந்தனர். கரடி இல்லாத நாட்டில் ஆயிரம் ஆண்டுகளாகக் கரடிகள் வாழ்கின்றன. அவை வாழும் காடு மொழியே.

செஞ்சியைச் சுற்றிய சிங்கங்கள்

இதே நிலையைச் செஞ்சியில் காணலாம். தமிழகக் காடுகளில் புலி உண்டு, சிறுத்தை உண்டு, கரடி உண்டு. சிங்கம் வாழ்ந்ததில்லை. ஆயினும் செஞ்சியின் வரலாற்றைத் திறந்தால் பக்கந்தோறும் சிங்கம் நிற்கிறது.

ஊருக்கு வடக்கே அணித்தே உள்ளது சிங்கவரம். பாறையைக் குடைந்து அமைந்த அரங்கநாதர் கோயிலால் புகழ்பெற்ற அவ்வூரின் பெயர் சிங்கபுரம் என்பதன் திரிபு. சோழர் காலத்தில் இப்பகுதி சிங்கபுர நாடு என வழங்கியது. இப்பகுதியில் மண்டகப்பட்டிலும் தளவானூரிலும் குடைவரைகளை அமைத்த பல்லவன் மகேந்திரவர்மனின் தந்தை சிம்மவிஷ்ணு, மகன் நரசிம்மவர்மன்.

1677-ஆம் ஆண்டில் சிவாஜியின் படை செஞ்சியைக் கைக்கொண்டது. அவ்வாண்டு அவரோடு பொருது தோற்ற பீசப்பூர்த் தலைவன் ஷேர் கான் லோடி. பாரசீகத்தில் ஷேர் என்பது சிங்கம். 1698-இல் கோட்டை முகலாயர் கைக்கு வந்தது. பின்னர் ஔரங்கசீப்பின் ஆணையால் கோட்டையைப் பெற்றவர் புந்தேல இராசபுத்திரர் சரூப் சிங். அவர் மகன் தேஜ் சிங். சிங் என்பது சிம்மம். 1780-இல் ஆங்கிலேயரிடமிருந்து கோட்டையைப் பறித்தது ஹைதர் அலியின் படை. முன்னர்ச் சொன்னவாறு ஹைதர் என்பதும் சிங்கமே. வடமொழிச் சிங்கம், பாரசீகச் சிங்கம், இந்துத்தானிச் சிங்கம், அரபுச் சிங்கம் எனச் சிங்கமே இல்லாத மலையடியில் நான்கு மொழிச் சிங்கங்கள் நடமாடியுள்ளன.

இச்சிங்கங்களுள் மக்கள் நெஞ்சில் நிலைத்தது ஒன்றே. ஓராண்டுகூட முழுதாக ஆளாமல், 1714 அக்டோபர் 3-ஆம் நாள் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையை ஒரு சிறுபடையோடு எதிர்த்து மாண்ட தேஜ் சிங்கே அது. அப்போது அவனுக்கு வயது இருபத்திரண்டு என்பர். வடக்கிலிருந்து வந்தவன், தமிழ் அவன் தாய்மொழியன்று. ஆயினும் தமிழ் மக்கள் அவனைத் தம் கதைப்பாடலுக்குத் தலைவனாக்கினர். அதற்கு முன்பாக அவன் பெயரைத் தமிழாக்கினர்.

அந்தத் தமிழாக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. தேஜ் என்பதன் இறுதி ஒலியும் சிங் என்பதன் முதல் ஒலியும் தமிழ் நாவில் ஒன்றிச் சகரமாயின. வல்லெழுத்து ஒலியில் சொல் முடிவதைத் தமிழ் ஏற்காது. ஆகவே ஈற்றில் ஓர் உகரம் துணைநின்றது. தேஜ் சிங் தேசிங்கு ஆனான். தேஜஸ் என்னும் வடசொல் 'தேசு' என்ற வடிவில் முன்பே தமிழில் ஒளியைக் குறித்து நின்றது. ஆதலால் பிரித்துப் பார்ப்பார்க்கு அப்பெயர் ஒளிச் சிங்கம் என இன்றும் பொருள் தரும். ஆனால் எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மிடுக்காக நடப்பவனைக் கண்டு 'பெரிய தேசிங்கு ராஜா' என்று சொல்லும் பாமரர்க்கு அப்பெயருக்குள் ஒரு சிங்கம் படுத்திருப்பது தெரியாது. தெரியாமலே அதன் மிடுக்கை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். பெயரின் பொருள் மறைந்தது. அதன் ஆற்றல் நிலைத்தது.

செட்டிகுளக் கரையில் அவன் உடல் எரியூட்டப்பெற்றதென்றும், அவன் இளமனைவியும் அத்தீயில் புகுந்தாளென்றும் ஊர்மரபு கூறும். அவள் நினைவாகவே இராணிப்பேட்டை பெயர் பெற்றது என்பதும் வழிவழிச் செய்தி. அவனுக்கு ஊர் ஒரு பாட்டைத் தந்தது. அவளுக்கு ஓர் ஊர் பெயராயிற்று. அந்த ஊர்ப்பெயரிலும் அவளுடைய இயற்பெயர் இல்லை; 'இராணி' என்னும் நிலை மட்டுமே உள்ளது என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

குதிரையும் தலைவனும்

தேசிங்கு கதைப்பாடலில் தலைவனுக்கு இணையாகப் போற்றப்படுவது பாராசாரிக் குதிரை. எவராலும் அடக்கவியலாத குதிரையை அடக்கியதே அவன் புகழின் தொடக்கம் என்று கதை சொல்கிறது. மனிதன் விலங்கின் பெயரைத் தாங்குவது ஒருபுறம் இருக்க, விலங்கும் மனிதனைப் போலத் தனிப்பெயர் பெற்று அவனோடு வாழ்வதும் மாள்வதும் மறுபுறம் நிற்கின்றன.

இதற்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கும் முற்பட்ட முன்னோடி இப்பகுதியிலேயே உண்டு. ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது சிறுபாணாற்றுப்படை. அவனுக்குரிய கிடங்கில், இன்றைய திண்டிவனத்தைச் சார்ந்தது. செஞ்சிக்கு மிக அணித்து. அந்நூலில் நத்தத்தனார் கடையெழு வள்ளல்களைப் பாடுமிடத்துக் காரியையும் ஓரியையும் அவர்தம் குதிரைகளோடு குறிப்பிடுகிறார். காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. குதிரைக்கும் தலைவனுக்கும் ஒரே பெயர்.

காரி என்பது கருமை. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியும் அவன் கரிய குதிரையும் ஒரு சொல்லில் அடங்கினர். ஓரி என்பதற்கு நிகண்டுகள் நரி என்றும் பொருள் கூறும். கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரி அப்பொருளால் அப்பெயர் பெற்றானா, பிறிதொரு பொருளால் பெற்றானா என்பது ஆய்வுக்குரியது. ஐயமின்றித் தெரிவது ஒன்று: போர்க்களத்தில் ஒருவன் பெயரைக் கூவினால் இரண்டு உயிர்கள் செவிசாய்த்தன. காரி ஓரியைக் கொன்றான் என்பது வரலாறு. அந்தப் போரைப் பாடிய புலவர்கள் குதிரையையும் மறவாமல் பாடினர்.

பொய்த்தோற்றங்கள்

விலங்குப் பெயர்களை ஆராய்வார் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். தோற்றத்தில் விலங்காக நின்று, தொட்டுப் பார்த்தால் வேறாகும் பெயர்கள் பல.

முதலாவது ஆந்தை. பிசிராந்தையார், ஓதலாந்தையார், சிறைக்குடி ஆந்தையார் என்னும் பெயர்களைக் கேட்ட அளவில் இரவுப் பறவை நினைவுக்கு வரும். தொல்காப்பிய எழுத்ததிகாரம் இதனை விளக்கி ஐயமறுக்கிறது. ஆதன் என்னும் பெயர் தந்தை என்னும் சொல்லோடு புணரும்போது ஆந்தை என்றாகும். பூதன் என்பது பூந்தை என்றாகும். ஆகவே பிசிராந்தையார் என்பார் பிசிர் என்னும் ஊரைச் சார்ந்த, ஆதன் தந்தை என்னும் பெயருடையார். காணாமலே கோப்பெருஞ்சோழனிடம் நட்புப் பூண்டு, அவனோடு வடக்கிருந்து உயிர்நீத்த அப்பெருந்தகையின் பெயரில் பறவை இல்லை, தந்தைமை உள்ளது.

இரண்டாவது நந்தி. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றத்தில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பெற்றுள்ளன. அங்கேயுள்ள பழங்கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறுகிறது. நந்தி என்றதும் காளை நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அவ்வடசொல்லின் அடிப்பொருள் மகிழ்ச்சி. சமணத் துறவியர் பலர் அவ்வீற்றுப் பெயரைப் பூண்டனர். அதே குன்றில் உண்மையாகவே காளைப்பெயர் தாங்கியவர் வேறொருவர். அவரே முதல் தீர்த்தங்கரராகிய இடபதேவர். இடபம் என்பது எருது. அவருடைய இலாஞ்சனையும் எருதே. பார்சுவநாதர்க்குப் பாம்பு, மகாவீரர்க்குச் சிங்கம் என அச்சமயத்தில் ஒவ்வோர் அருகரையும் அடையாளம் காட்டுவது பெரும்பாலும் ஓர் உயிரினம். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயம், தன் பெரியோரை விலங்கால் அடையாளப்படுத்தியது சிந்தனைக்குரியது.

மூன்றாவது திப்பு. புலிச்சின்னம் பொறித்த கொடியும் அரியணையும் உடையவராதலின் அப்பெயர்க்கே புலி எனப் பொருள் என்று பலர் கருதுவர். அவர் பெயர் ஆர்க்காட்டில் அடங்கிய திப்பு மஸ்தான் அவுலியா என்னும் இறையடியாரின் நினைவாக இடப்பெற்றது. புலியைப் பின்னர் அவரே தேர்ந்துகொண்டார்.

சிங்காரம் என்னும் பெயரில் சிங்கம் இல்லை. சிருங்காரமாகிய அழகே உள்ளது. வேங்கை என்னும் பெயரோ புலியையும் குறிக்கும், மரத்தையும் குறிக்கும். பாறைமேல் உதிர்ந்த வேங்கைப் பூவைக் கண்டு யானை புலியென மருளும் காட்சியைச் சங்கப் புலவர் பாடினர். யானைக்கே வந்த மயக்கம் ஆய்வாளர்க்கும் வரலாம். ஒலி ஒன்றாக இருப்பதாலேயே பொருளும் ஒன்று என்று கொள்வது தமிழ்ப்பற்று ஆகாது. ஆதனின் தந்தையை ஆந்தையாக்குவது அவருக்குச் செய்யும் சிறப்பும் அன்று.

பாட்டு இட்ட பெயர்

விலங்குப் பெயர்களுள் தமிழுக்கே உரிய தனி வகை ஒன்று உண்டு. கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் அதனை விரித்துரைப்பது பொருத்தமாகும்.

குறுந்தொகையின் 41-ஆம் பாடலைப் பாடியவர் பெயர் அணிலாடு முன்றிலார். 54-ஆம் பாடலைப் பாடியவர் மீனெறி தூண்டிலார். 74-ஆம் பாடல் விட்ட குதிரையார் இயற்றியது. 305-ஆம் பாடல் குப்பைக் கோழியார் இயற்றியது. புறநானூற்றின் 3-ஆம் பாடலுக்குரியவர் யானையின் பெரும்பிடரைப் பெயரில் தாங்கிய இரும்பிடர்த்தலையார். 364-ஆம் பாடலுக்குரியவர் கூகைக்கோழியார். இப்பெயர்களில் எவையும் பெற்றோர் இட்டவை அல்ல. புலவர்தம் இயற்பெயர் தொகுத்தார்க்குக் கிட்டவில்லை. பாட்டு மட்டும் கிட்டியது. பாட்டினுள் மறக்கவொண்ணாத ஒரு தொடர் இருந்தது. அத்தொடரையே புலவர்க்குப் பெயராக்கினர்.

எந்தத் தொடர் பெயராயிற்று என்பதை நோக்கினால் தொகுத்தாரின் நுண்ணுணர்வு புலப்படும். தலைவன் பிரிந்தபின் தன் மனம், மக்கள் நீங்கிய வீட்டின் முற்றம் போன்றது என்கிறாள் ஒரு தலைவி. அம்முற்றத்தில் அணில் விளையாடுகிறது. மனிதர் இருந்தால் அணில் அங்கே அவ்வளவு துணிவாக ஆடாது. வெறுமையைச் சொல்ல வெறுமை என்னும் சொல்லே தேவைப்படவில்லை. ஓர் அணில் போதுமாயிற்று. மற்றொரு பாடலில் குப்பைமேட்டில் தாமாகவே சண்டையிடும் கோழிகள். அவற்றைத் தூண்டிவிடுவாரும் இல்லை, விலக்குவாரும் இல்லை. தலைவியின் காமநோயும் அவ்வாறே தானாக முடிய வேண்டியது. பேரரசரின் போர்க்களத்தை விட்டுக் குப்பைமேட்டுக் கோழியிடம் சென்ற அப்புலவரின் பார்வை, அவர் பெயராகவே நின்றது.

காக்கைபாடினியார் நச்செள்ளையார் இவ்வரிசையில் தனித்து நிற்பவர். இவருடைய இயற்பெயர் மறையவில்லை. நச்செள்ளை என்பது அது. எனினும் விருந்து வருவதைக் கரைந்து அறிவித்த காக்கையைக் குறுந்தொகையின் 210-ஆம் பாடலில் பாடியதால், காக்கை அவர் பெயரின் முன்னே வந்து அமர்ந்தது. பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடிய பெருமையும் அவருக்குண்டு. ஆயினும் சேரமன்னனைப் பாடியமையால் அன்றிக் காக்கையைப் பாடியமையாலேயே அவர் அறியப்படுகிறார். மன்னனுக்குக் கிட்டாத இடம் காக்கைக்குக் கிட்டியது.

இதற்கு இணையாக ஐசுலாந்தின் பழங்கதை ஒன்று உண்டு. அத்தீவைத் தேடிக் கடலில் சென்ற ஃப்ளோகி என்பவன் மூன்று அண்டங்காக்கைகளை உடன்கொண்டு சென்றான். முதற்பறவை வந்த திசைக்கே திரும்பிப் பறந்தது. இரண்டாவது மேலெழுந்து மீண்டும் கப்பலுக்கே வந்தது. மூன்றாவது முன்னோக்கிப் பறந்து கரையைக் காட்டியது. அன்றுமுதல் அவன் 'காக்கை ஃப்ளோகி' எனப்பட்டான். பனிநிலம் என்னும் பொருளுடைய ஐசுலாந்து என்ற பெயரை அத்தீவுக்கு இட்டவனும் அவனே என்பது மரபு. அவர்தம் தொல்கதைகளில் ஓடின் என்னும் தெய்வத்தின் தோள்களில் அமரும் இரு காக்கைகளின் பெயர்கள் சிந்தனை, நினைவு என்று பொருள்படும். இருவேறு கடற்கரைகளில் ஒரே பறவை செய்தி கொணர்வதாகவும் வழிகாட்டுவதாகவும் மதிக்கப்பெற்றது. அங்கே செயல் பெயர் தந்தது. இங்கே செய்யுள் பெயர் தந்தது.

பெயரன் என்னும் உறவு

ஐசுலாந்தின் முதற்குடியேறியாகப் போற்றப்படுபவன் இங்கோல்ஃபுர் அர்னார்சன்; அவன் குடியேறிய ஆண்டு 874 என்பது மரபு. அர்னார்சன் என்பது ஓர்ன் என்பவனின் மகன் என்று பொருள்படும். ஓர்ன் கழுகு என்பது முன்னரே கூறப்பட்டது. இங்கோல்ஃபுர் என்னும் பெயரின் பிற்பகுதி ஓநாய். அவன் பாட்டன் பெயரோ பியோர்னோல்ஃப்ர். கரடியும் ஓநாயும் இணைந்த பெயர். பாட்டனிடம் ஓநாய், தந்தையிடம் கழுகு, பேரனிடம் மீண்டும் ஓநாய்.

பல்லவர் மரபிலும் இதுவே நிகழ்ந்தது. பாட்டன் சிம்மவிஷ்ணு, தந்தை மகேந்திரவர்மன், பேரன் நரசிம்மவர்மன். ஒரு தலைமுறையைத் தாண்டிச் சிங்கம் பேரனிடம் வந்து சேர்ந்தது. நரசிம்மம் என்பது விலங்கன்று, தெய்வம் என்று கூறலாம், அது உண்மையே. மயில்வாகனன், கருடன் போன்ற பெயர்களிலும் விலங்கு தெய்வத்தின் வழியாகவே மனிதனை அடைகிறது. எவ்வழியாயினும் சொல் தொடர்ந்தது.

இத்தொடர்ச்சியைத் தமிழ் ஓர் உறவுச்சொல்லாகவே ஆக்கி வைத்துள்ளது. பேரன் என்பது பெயரன். பேர்த்தி என்பது பெயர்த்தி. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குவதாலேயே அவ்வுறவுக்கு அப்பெயர். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழர்க்கும் இல்லை, ஐசுலாந்தியர்க்கும் இல்லை. இருவரும் தந்தை பெயரோடு தம் பெயரை இணைப்பவர்கள். அவர்கள் மகன், மகள் என்னும் ஈற்றைச் சேர்ப்பர். தமிழர் தலைப்பெழுத்தை முன் வைப்பர். ஆகவே இரு மக்கட்கும் பெயர் தொடர வேண்டுமாயின் அது பேரன், பேர்த்தியின் வழியாகவே தொடர வேண்டும்.

1991-இல் ஐசுலாந்து அரசு பெயர்களுக்கென்றே ஒரு குழுவை அமைத்தது. புதிய பெயர் ஒன்றை ஏற்பதற்கு அங்கே விதிக்கப்பெற்ற நிபந்தனைகளுள் ஒன்று, அப்பெயர் அம்மொழியின் வேற்றுமை உருபை ஏற்றல் வேண்டும் என்பது. வேற்றுமை ஏற்பது பெயர் எனத் தமிழ் இலக்கணம் வகுத்த வரையறை, வடகடல் தீவில் சட்டமாயிற்று. பெயர் வாக்கியத்தினுள் புழங்க வேண்டும், மொழியோடு மொழியாக வளைய வேண்டும் என்பதே அதன் கருத்து. சட்டத்தால் பெயரைக் காக்கலாமா என்பது விவாதத்துக்குரியது. காக்கத்தக்கது என்று ஒரு நாடு கருதியதே இங்குக் கருதத்தக்கது.

மறைந்துவரும் பெயர்கள்

தமிழ்ச் சிற்றூர்களில் பாட்டியர் தலைமுறையின் பெயர்கள் ஒரு சோலையைப் போன்றவை. கிளியம்மாள், மயிலம்மாள், குயில், அன்னம், அன்னக்கிளி, நாகம்மாள், குட்டியம்மாள் என அவை நீளும். ஆண்களில் காளையன், நாகப்பன், சிங்கமுத்து. ஈழத்தில் இராசசிங்கம், குலசிங்கம், வீரசிங்கம் எனச் சிங்கம் ஈற்றில் நின்றது.

தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாகக் கூறும் ஒன்பதனுள் பிள்ளை, குழவி, மகவு, குட்டி, கன்று என்பவை அடங்கும். யானையின் இளமைக்கும் குழவி என்று பெயர். மனிதனின் இளமைக்கும் அதுவே. அணிலை அணிற்பிள்ளை என்றும், கீரியைக் கீரிப்பிள்ளை என்றும், கிளியைக் கிளிப்பிள்ளை என்றும் வழங்கியவர் தமிழர். வடநாட்டார் பிள்ளைகளுக்கு விலங்கின் பெயரை இட்டனர். தமிழர் அதனோடு நில்லாமல் விலங்குகளையும் பிள்ளை என்றழைத்தனர். இம்மனநிலையின் கனியே கிளியம்மாள் என்னும் பெயர். அது நாட்டுப்புறத்துப் பெயர் என்று நாணத்தக்கதன்று.

ஆயினும் இன்று கிளியம்மாளின் பேர்த்திக்கு அப்பெயர் இடப்பெறுவதில்லை. எண்கணிதம் காட்டும் எழுத்தில் தொடங்கி, இரண்டு மூன்று அசைகளில் முடிந்து, எம்மொழியிலும் பொருள் தராத ஒலித்தொகுதி பெயராக வைக்கப்படுகிறது. புதிய பெயர் வைப்பது குற்றமன்று. ஒவ்வொரு பழம்பெயரும் ஒருகாலத்தில் புதியதே. தேஜ் சிங் என்னும் அயற்பெயரைத் தேசிங்கு என ஆக்கிக்கொண்ட மக்கள் புதுமைக்கு அஞ்சியவர் அல்லர். ஆனால் அவர்கள் அப்பெயரைத் தம் நாவுக்கேற்ப வளைத்துத் தமிழாக்கினர். இக்காலத்தில் நாவு பெயருக்கேற்ப வளைகிறது. பேர்த்தி என்னும் உறவுச்சொல் வாழ்கிறது. அதன் பொருளோ வீட்டுக்கு வீடு கழன்று வீழ்கிறது.

2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராத்தியரின் படைத்துறைக் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் இடம்பெற்றது. ஊர் பெருமை கொள்ளத்தக்க நிகழ்ச்சி அது. இராசகிரியின் மதிலில் ஒரு கல் பெயர்ந்தால் இனி உலகம் கேள்வி கேட்கும். கோட்டையடியில் வாழ்ந்த ஒரு மயிலம்மாளின் பெயர் அவளோடு முடிந்துபோனால் கேட்பார் ஒருவரும் இல்லர். தேசிங்கின் மனைவியின் பெயரைப் போற்றாது இராணி என்று மட்டும் நினைவிற்கொண்ட மரபு, தன் பாட்டியரின் பெயர்களிலும் அதே பிழையைச் செய்தலாகாது.

முடிவுரை

பத்தாண்டுகள் கவியரங்கும் கருத்தரங்கும் நடத்தி முதிர்ந்த வட்டத்துக்கு அடுத்த பத்தாண்டுக்குரிய பணி ஒன்று காத்திருக்கிறது. செஞ்சி வட்டத்துச் சிற்றூர்களில் அறுபது அகவை கடந்தோரின் பெயர்களைத் திரட்டி, அப்பெயர் யார் நினைவாக இடப்பெற்றது, எவ்வாறு அழைக்கப்பெற்றது, அதன் பொருளென அவர்கள் கருதுவது யாது என்பவற்றைக் குறித்து ஒரு பெயரகராதி உருவாக்கலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், திண்ணையில் அமரும் பொறுமையும் போதும். ஆந்தையைப் பறவையென மயங்காத எச்சரிக்கையும், கிளியைக் கிளியென்றே ஏற்கும் எளிமையும் அப்பணிக்கு வேண்டுவன.

கவிஞர்க்கு ஒரு சொல் தனியே கூறத்தக்கது. புனைபெயர் சூட்டிக்கொள்வதில் இக்காலக் கவிஞர் பெருவிருப்பினர். பாட்டு எழுதுமுன்னரே பெயர் ஆயத்தமாகிவிடுகிறது. அணிலாடு முன்றிலார் தமக்குப் பெயர் சூட்டிக்கொள்ளவில்லை. அவர் ஆளில்லாத முற்றத்தில் ஓர் அணிலைக் கூர்ந்து பார்த்தார், எழுதினார், மறைந்தார். பெயரைப் பிற்காலத்தார் கொடுத்தனர்.